நன்றி நோட்டு எழுதி எழுதி அலுத்துவிட்டது, என்ன செய்வது?

அரைத்தூக்கம்:
மூன்று மாதமாகத் தினமும் படுக்கப் போகும் முன் அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதி வருகிறேன். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது நோட்டைத் திறந்தாலே வீட்டுப்பாடம் ஞாபகம் வருகிறது. நேற்று எழுதியதையேதான் இன்றும் எழுதுகிறேன்: வீடு, வேலை, உடம்பு. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் "மேற்படி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரிய குறை என்று எதுவும் இல்லை, ஆனால் மனது நிறைந்திருக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை. என்னிடம்தான் கோளாறா?

பழையபேனா:
மூன்று மாதம் தினமும் எழுதினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். இந்தப் பழக்கம் பரவ முக்கியக் காரணம் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் ஒரு சோதனையில் வாரத்துக்கு ஒரு தடவைதான் எழுதச் சொன்னார்கள், 10 வாரம். தினமும் எழுதச் சொன்ன சோதனைகள் இரண்டு மூன்று வாரத்திலேயே முடிந்துவிட்டன. அப்புறம் சோன்யா லூபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழு பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் தாராளமாகக் குறையுங்கள்.

இன்னொன்று, "வீடு" என்று எழுதினால் என்ன தோன்றும்? ஒன்றும் தோன்றாது. வெளியே கொட்டுகிறது, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்குகிறது, போர்வைக்குள் கால் கதகதப்பாக இருக்கிறது, இப்படி எழுதிப் பாருங்கள்.

இடதுகைக்காரன்:
நான் எழுதுவதே இல்லை. ஒரு தடவை வலது மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். சட்டையின் மேல் பித்தானை இடது கையால் மட்டும் போட்டுப் பாருங்கள், துளைக்குள் பாதி நுழைந்து நழுவும், மறுபடி நுழைக்க வேண்டும், அதற்குள் வியர்த்துவிடும். கட்டைப் பிரித்த மறுநாள் காலை ஐந்து பித்தானையும் போட்டுவிட்டு மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன், சும்மா, முடிகிறது என்பதற்காக! அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அதனால் இப்போது எப்போதாவது இது இல்லாமல் போயிருந்தால் என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். 2008-இல் வந்த ஒரு ஆய்விலும் இதே கதைதான்: துணையைச் சந்தித்தது எப்படி என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்க எத்தனை வழி இருந்தது என்று எழுதியவர்களுக்குத்தான் உறவில் திருப்தி கூடியிருக்கிறது.

முள்ளும்சொல்லும்:
எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. "இருப்பதை வைத்துச் சந்தோஷப்படு" என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். சம்பளம் கேட்டுப் போகிறவனிடம் முதலாளி சொன்னால் அதற்குப் பெயர் வேறு. எனக்கு நடந்தது, அதனால்தான் இந்த எரிச்சல். அரைத்தூக்கம், உங்களுக்கு நிஜமாகவே ஏதோ ஒன்று போதவில்லை என்றால் அதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

அரைத்தூக்கம்:
மூவருக்கும் நன்றி (இதை நோட்டில் எழுதப் போவதில்லை). இனி ஞாயிறு மட்டும் எழுதுகிறேன். பித்தான் கதையைப் படித்துவிட்டு இடது கையால் போட்டுப் பார்த்தேன், நான்கு நிமிடம் ஆனது, அதுவும் துளை மாறிப் போட்டிருக்கிறேன்.