புதுப்பிப்பு: களப்பணி அலுவலகச் சில்லறைக் கணக்கு இப்போது இடிக்கவில்லை

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டது இதுதான்: வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டம், தண்டையார்பேட்டையில் கள அலுவலகம், மாதக் கடைசியில் பெட்டியில் உள்ள காசும் கணக்கும் ஒத்துப்போவதில்லை.

கைகொடுத்தது, நிலையான முன்பணம் வைக்கச் சொன்ன யோசனைதான். பெட்டிக்கு ரூ.15,000. எப்போது எண்ணினாலும் ரொக்கமும் வவுச்சரும் (செலவுச் சீட்டும்) சேர்ந்து அதே தொகை வர வேண்டும். காசு குறைந்ததும், வவுச்சர் கட்டைக் கொடுத்து, செலவானதற்கு மட்டும் காசோலை. சாவி ஒருவரிடம், ஒப்புதல் கையெழுத்து இன்னொருவரிடம். எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் போனால் பில் கிடைக்காது. அதற்குத் தனி வவுச்சரில் தேதி, எங்கிருந்து எங்கே, என்ன வேலை, தொகை, போனவர் கையெழுத்து. ‘பயணம் ரூ.240’ என்று மொட்டையாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஓட்டை அங்கேதான் விழுகிறது. பழைய முன்பணத்துக்குக் கணக்கு வராமல் புதியது கிடையாது.

எதிர்பாராத ஒன்று: வவுச்சர்களைப் பிரித்தபோது, களப்பணியாளர் சம்பளமும் நிர்வாகச் செலவில் ஏறியிருந்தது தெரிந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டதால் இது பெரிய விஷயம். அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாக உழைப்பவர் சம்பளம் (பள்ளியில் ஆசிரியர், மருத்துவமனையில் மருத்துவர் போல) அந்த வரம்பில் சேராது. ஆனால் சம்பளத்தின் கணக்குத் தலைப்பை மாற்றும் முன், அவருடைய பணி நியமன ஆணையில் அந்தக் களவேலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தணிக்கையாளர் முதலில் கேட்டது அதைத்தான்.