பிளகின் வழியே நுழைந்த எக்ஸ்எஸ்எஸ்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

வேர்ட்பிரஸ் தளங்களைப் பராமரிப்பது என் வேலை. அந்நியர் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) நம் பக்கத்துக்குள் நுழைந்து, அதைப் பார்ப்பவரின் பிரவுசரில் ஓடுவதே எக்ஸ்எஸ்எஸ். தளத்துக்கு வசதிகள் சேர்க்கும் பிளகின்கள் வழியே அது வருவதுண்டு. எக்ஸ்எஸ்எஸ் என்றால் திரையில் ஒரு அலர்ட் பெட்டி எட்டிப் பார்க்கும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு தளத்தில் யாரும் உருவாக்காத அட்மின் கணக்கு ஒன்று முளைத்திருந்தது. பாஸ்வேர்டு கசிந்துவிட்டது என்றே உரிமையாளர் நம்பினார். லாகின் பதிவிலோ அந்நியர் ஒருவரும் இல்லை. சர்வரின் ஆக்சஸ் லாகைப் பார்த்தேன். புதுப் பயனரைச் சேர்க்கும் பக்கத்துக்கு ஒரு கெட் (பக்கத்தைக் கேட்பது), அதே நொடியில் ஒரு போஸ்ட் (படிவத்தை அனுப்புவது). இரண்டும் உரிமையாளரின் ஐபியிலிருந்தே போயிருந்தன. மனிதக் கை அத்தனை வேகமாகப் படிவத்தை நிரப்பாது. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து போனது என்று காட்டும் ரெஃபரரைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வழக்கமாக அந்த போஸ்ட்டுக்கு ரெஃபரராகப் புதுப் பயனர் பக்கமே பதிவாகும். இங்கே இருந்தது, தொடர்புப் படிவ பிளகினின் ‘வந்த செய்திகள்’ பக்கம்.

யாரோ படிவத்தின் பெயர்க் கட்டத்தில் ஸ்கிரிப்ட்டை எழுதி அனுப்பியிருக்கிறார். பிளகின் அதை அப்படியே டேட்டாபேஸில் வைத்து, அப்படியே அட்மின் திரையில் காட்டியது. உரிமையாளர் செய்திகளைப் படிக்கத் திறந்ததும் அது அவருடைய பிரவுசரில் ஓடியது. லாகின் குக்கி ஹெச்டிடிபிஒன்லி என்பதால் ஸ்கிரிப்ட்டால் அதைப் படிக்க முடியாது. படிக்க வேண்டிய தேவையும் இல்லை, பிரவுசரே குக்கியைச் சேர்த்து அனுப்பிவிடும். ஸ்கிரிப்ட் பின்னணியில் புதுப் பயனர் பக்கத்தை வாங்கி, அதிலிருந்த நான்ஸை (கோரிக்கை உண்மையானதா என்று சர்வர் சரிபார்க்கும் குறியீடு) எடுத்து, அவர் பெயரிலேயே படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டது. சர்வரின் கண்ணுக்கு எல்லாமே முறையாக நடந்த வேலை. பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இதற்கு முன்னால் பயனில்லை.

கணக்கை நீக்கினோம், எல்லா செஷன்களையும் முடித்தோம், லாகின் குக்கிகளுக்கு அடிப்படையான சால்ட் கீகளை மாற்றினோம். அந்தச் செய்தியை மட்டும் நேரடியாக டேட்டாபேஸில் போய் அழித்தேன். அட்மின் திரையில் திறந்து அழிக்கப் போனால் அது இன்னொரு முறை ஓடும்.

மறுமொழி

நான் பிளகின்களின் கோடை, அதாவது நிரலை, படித்துப் பரிசோதிப்பவன். நீங்கள் பார்த்தது, உள்ளே வருவதைச் சுத்தம் செய்யாத கோடு. அதைவிட அதிகமாக என் கண்ணில் படுவது, உள்ளே வரும்போது சுத்தம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில், வெளியே காட்டும் இடத்தை விட்டுவிடும் கோடு.

ஒரு ஷார்ட்கோடுக்கு (பதிவில் எழுதினால் பிளகின் ஹெச்டிஎம்எல்லாக விரிக்கும் சிறு குறியீடு) அகலம் என்று ஒரு மதிப்பு. எழுதியவர் கவனமானவர்தான். வேர்ட்பிரஸ் தரும் டெக்ஸ்ட் சானிட்டைஸ் ஃபங்ஷனில் அதைப் போட்டு எடுத்திருக்கிறார். அது டேக்குகளை நீக்கும், மேற்கோள் குறியைத் தொடாது. அந்த மதிப்பு போய் உட்கார்வதோ ஹெச்டிஎம்எல் ஆட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் பண்பு) ஒன்றின் இரட்டை மேற்கோளுக்குள். ஒரு மேற்கோள் குறி போட்டால் அகலம் அங்கேயே முடிந்துவிடும். அதையடுத்து ஆன்மவுஸ்ஓவர் (மவுஸ் மேலே வந்தால் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது) என்று எழுதினால் புதிய ஆட்ரிபியூட் தொடங்கிவிடும். கோண அடைப்புக்குறி ஒன்றுகூட வேண்டாம். அனுமதியில்லாத ஹெச்டிஎம்எல்லை நீக்கும் வேர்ட்பிரஸின் கேஎஸ்இஎஸ் வடிகட்டியும் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சேமிக்கும் நேரத்தில் ஷார்ட்கோடு வெறும் எழுத்துதான், அது ஹெச்டிஎம்எல்லாக மாறுவது பக்கத்தைக் காட்டும்போது.

இதற்கு கான்ட்ரிபியூட்டர் (எழுதலாம், தானே வெளியிட முடியாது) கணக்கு வேண்டுமே, அதனால் ஆபத்து குறைவுதான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கான்ட்ரிபியூட்டர் எழுதியதைப் பிரிவ்யூவில் திறந்து பார்ப்பதே எடிட்டரின் வேலை. அட்மினும் திறப்பார். காட்டும் இடத்தில், அந்த இடத்துக்கு உரிய எஸ்கேப் ஃபங்ஷனை (சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுவது) போடுவது ஒரு வரி. ஆட்ரிபியூட்டுக்கு ஒன்று, யூஆர்எல்லுக்கு ஒன்று, பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஒன்று என வேர்ட்பிரஸே தருகிறது.

மறுமொழி

மேலே சொன்னதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2015 ஏப்ரலில் ஜெட்பேக், யோஸ்ட் எஸ்இஓ உட்படப் பல பிளகின்கள் ஒன்றாகச் சேர்ந்து அப்டேட் வெளியிட்டன. யூஆர்எல்லில் கூடுதல் மதிப்புகளைச் சேர்க்கும் ஆட்_குவெரி_ஆர்க் என்ற ஃபங்ஷன் திருப்பித் தரும் யூஆர்எல் ஏற்கெனவே எஸ்கேப் ஆகியிருக்கும் என்று பலரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது எஸ்கேப் செய்வதில்லை. அப்போதைய ஆவணத்திலும் அது தெளிவாக இல்லை. அத்தனை அனுபவசாலிகள் எழுதிய கோடில் ஒரே ஓட்டை!

மறுமொழி

ஓட்டையைக் கண்டுபிடித்து பிளகின் எழுதியவருக்குத் தெரிவித்த அனுபவம் என்னுடையது. முதலில் பதிலே இல்லை. பிறகு ஒரு திருத்தம் வந்தது. உள்ளீட்டில் ‘ஸ்கிரிப்ட்’ என்ற சொல் இருந்தால் நீக்கிவிடுவார்களாம். இல்லாத படம் ஒன்றைக் காட்டச் சொல்லி, அதன் ஆன்எரரில் (படம் வராதபோது ஓடுவது) அதே வேலையைச் செய்து காட்டினேன். அதன் பிறகுதான் ஒழுங்காக எஸ்கேப் செய்தார்கள்.

எனக்கு மனம் ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததில். சேஞ்ச்லாகில் (பதிப்பின் மாற்றக் குறிப்பில்) ‘சிறு திருத்தங்கள்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதைப் படிப்பவர் அவசரமில்லை என்றுதானே அப்டேட்டைத் தள்ளிப்போடுவார்? திருடனோ பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்து, எந்த வரி மாறியது என்று தெரிந்துகொள்வான். பாதுகாப்புத் திருத்தம் என்று எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பாப்அப் பில்டர் பிளகினில் இருந்த ஓட்டை, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-6000. 4.2.3 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் அப்டேட் செய்யாத தளங்களை பாலடா இன்ஜெக்டர் கும்பல் 2023 டிசம்பரிலிருந்து தேடித் தேடிப் பிடித்தது. அட்மின் லாகின் செய்திருக்கிறாரா என்று பார்த்து, அவருடைய பிரவுசர் வழியாகவே போலி பிளகினை ஏற்றுவது அதன் முறை. முதல் பதிவில் கண்டதன் பெரிய அளவுதான் இது.

மறுமொழி

என் தளம் சிறியது, நாளைக்குப் பத்துப் பேர்தான் வருகிறார்கள். என்னையும் குறிவைப்பார்களா? ஃபயர்வால் பிளகின் வைத்திருக்கிறேன், போதாதா?

மறுமொழி

முதல் பதிவை எழுதியவன்தான். உங்களை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) பிளகின் பெயரையும் பதிப்பையும் பார்த்து, கிடைத்த தளத்திலெல்லாம் முயன்று பார்க்கும்.

ஃபயர்வால் இருக்கட்டும், ஆனால் அதன் பார்வைக்கே வராத வகையும் உண்டு. ஜெனரிகான்ஸ் எழுத்துருத் தொகுப்போடு வந்த ஒரு மாதிரி ஹெச்டிஎம்எல் கோப்பில் டாம் வகை (முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடப்பது) எக்ஸ்எஸ்எஸ் இருப்பது 2015 மே மாதத்தில் தெரியவந்தது. ட்வென்டி ஃபிஃப்டீன் தீமிலும் ஜெட்பேக்கிலும் அந்தக் கோப்பு இருந்தது. யூஆர்எல்லில் ஹாஷ் குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்கே போகாது என்பதால் அதை எந்த ஃபயர்வாலும் பார்த்திருக்க முடியாது. தீம் ஆக்டிவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கோப்பு சர்வரில் கிடந்தாலே போதும். எனவே பயன்படுத்தாத பிளகினை டீஆக்டிவேட் செய்வதோடு நிற்காமல் டிலீட் செய்துவிடுங்கள். அன்றாடம் எழுதுவதற்கு எடிட்டர் கணக்கு, அட்மின் கணக்கு அவசியமானபோது மட்டும். அட்மின் திரையிலிருந்து கோப்புகளைத் திருத்தும் வசதியை கான்ஃபிக் கோப்பில் அணைத்துவிடுங்கள்.

உங்கள் படிவத்தை நீங்களே சோதிக்கலாம். பெயர்க் கட்டத்தில் ஓர் இரட்டை மேற்கோள், ஒரு கோண அடைப்புக்குறி, கூடவே தடித்த எழுத்துக்கான டேக், அதன்பின் ஏதாவது ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். பிறகு அட்மினில் அந்தச் செய்தியைத் திறந்து, பக்கத்தின் சோர்ஸையும் பாருங்கள். எழுதியது அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் அந்த இடத்தில் எஸ்கேப் நடக்கிறது. சொல் தடித்து வந்தாலோ, கட்டம் உடைந்து மிச்சம் வெளியே கொட்டிக் கிடந்தாலோ, அந்த பிளகினை நிறுத்திவிட்டு எழுதியவருக்குத் தனிப்பட்ட முறையில் தெரிவியுங்கள். திருத்தம் வரும்வரை பொதுவில் போட வேண்டாம்.