அறுகம் குடாவுக்குக் குடும்பமாக வருகிறோம்: அலைச்சறுக்கு தவிர வேறு என்ன செய்யலாம்?

திருச்சி வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் நடுவில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம் குடாவில் நான்கு நாட்கள் தங்குவதாக இருக்கிறோம். இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மகள். கல்லூரியில் படிக்கும் அவள் சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் அலைச்சறுக்கு பழகி வருகிறாள். பலகையில் எழுந்து நிற்க வந்துவிட்டது என்றாலும், பெரிய அலைகளில் சென்று பழக்கமில்லை. என் கணவர் கடலில் இறங்க மாட்டார். அவருக்குப் பறவைகள் என்றால் உயிர். மார்கழியிலும் தையிலும் கரைவெட்டி ஏரிக்கரையில்தான் அவரைப் பார்க்க முடியும். எழுபதைக் கடந்த என் மாமியாரும் உடன் வருகிறார். அங்கே கடலோரத்தில் பழைமையான முருகன் கோயில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் தரிசிக்க வேண்டும் என்று ஆவலாக இருக்கிறார்.

இணையத்தில் தேடினால் விடுதிகளும் உணவகங்களும் இரவு விருந்துகளும்தான் கண்ணில் படுகின்றன. மகள் எந்தக் கடற்கரையில் பாதுகாப்பாகப் பழகலாம், மற்ற மூவரும் அந்த நேரத்தில் எதைப் பார்க்கலாம், உடை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஊரை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். நான்கு நாட்கள் அதிகம், இரண்டு நாட்களில் கிளம்பி மலைநாட்டுக்குப் போய்விடுங்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியா?

பொத்துவில்வாசி

வணக்கம் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நான்கு நாட்கள் அதிகமில்லை. அறுகம் குடாவை ஒரே ஒரு தெருவாக நினைப்பவர்களுக்குத்தான் இரண்டாம் நாளே சலித்துப்போகும். நாங்கள் உல்லை என்று அழைக்கும் அந்தக் கடற்கரை, பொத்துவிலுக்குத் தெற்கே களப்பை (நீங்கள் காயல் என்பீர்கள்) கடந்தவுடன் வரும் ஒரு சிறு பகுதி. வடக்கே பொத்துவில் களப்பு, மேற்கே லகுகல காடு, தெற்கே பாணமை, உகந்தை, கூமுனை என்று பார்க்க வேண்டியவை எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

உங்கள் மகளுக்கு இது ஏற்ற பருவம். மே முதல் செப்டம்பர் வரை இங்கே கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் வெகுதூரம் கடந்து எங்கள் கரைக்கு வருகின்றன. கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அவற்றின் முகம் குலையாமல் வழுவழுப்பாக நிற்கிறது. குடாவின் தென்முனையில் இந்த அலைகள் வளைந்து, முனையில் உடையத் தொடங்கி, பலகையில் நிற்பவரின் வலப்பக்கமாக வரிசை குலையாமல் நெடுந்தூரம் உடைந்துகொண்டே வரும். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருவது இந்த அலைக்காகத்தான். அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும். முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழுந்து நீரைக் கலைத்துவிடும். ஆகவே விடியும் முன்பே நீருக்குள் போய்விடுவது நல்லது.

ஆனால் மெயின் பொயின்ட் எனப்படும் அந்தத் தென்முனை அலையில் உங்கள் மகள் இப்போதைக்கு இறங்க வேண்டாம். அடியில் பாறையும் கடல் முள்ளெலியும் உண்டு. ஆகஸ்டில் கூட்டமும் மிகுதி. அதே முனையின் உட்புறத்தில், குடாவுக்குள் உடையும் சிறு அலைகளில் தொடங்கலாம். அதைவிட நல்ல இடம் பொத்துவிலுக்கு வடக்கே உள்ள விஸ்கி பொயின்ட். அங்கே அலை மெதுவாக உடையும், அடித்தளம் பெரும்பாலும் மணல். கரையில் பனையோலைக் கூரையின் நிழலில் நீங்கள் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தெற்கே பாணமை வழியில் உள்ள பீனட் ஃபார்மும் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது. முச்சக்கர வண்டியின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு உல்லையிலிருந்து எல்லா இடத்துக்கும் போகலாம். போகும் முன்பே வாடகையைப் பேசி, திரும்பி அழைத்துவரும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியாளரை அமர்த்தும்போது, அவரும் நீருக்குள் கூடவே வருவாரா, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கற்றுத் தருகிறார் என்று கேளுங்கள். ஒருவர் சென்றுகொண்டிருக்கும் அலையில் குறுக்கே நுழையக் கூடாது என்ற விதியை இங்கே மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ஊர் இளைஞர்கள் பலர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், சிறு வயதிலிருந்தே இந்த அலையோடு வளர்ந்தவர்கள். அவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்று கையால் காட்டியே சொல்லித் தருவார்கள்.

உடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தமிழரும் சிங்களவரும் இருக்கிறார்கள். கடற்கரையில் நீச்சல் உடையை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அதே உடையோடு பொத்துவில் சந்தைக்கு வருவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம் தருகிறது. தோளும் முழங்காலும் மறையும்படி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் பல மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு ஆசிரியர்

பறவை பார்க்கும் ஐயாவுக்காக இதை எழுதுகிறேன். கரைவெட்டிக்கு அவர் குளிர்காலத்தில் போவது வலசை வரும் வாத்துகளுக்காக இருக்கலாம். ஆகஸ்டில் இங்கே அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இங்கேயே வாழ்ந்து இனப்பெருக்கம் செய்யும் நீர்ப்பறவைகளுக்குக் கூமுனை இலங்கையிலேயே தலைசிறந்த இடங்களுள் ஒன்று. 1938ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதி, பின்னர் யால கிழக்கு என்ற பெயரில் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்து மீண்டும் திறக்கப்பட்டு, 2006ல் கூமுனை தேசியப் பூங்கா என்ற பெயரைப் பெற்றது. கும்புக்கன் ஆற்றிலிருந்து ஒரு குறுகிய வாய்க்கால் வழியாக நீர் வந்து நிரம்பும் கூமுனை வில்லு என்ற ஆழமற்ற ஏரிதான் அதன் இதயம். ஏப்ரல் முதல் ஜூலை வரை அங்கே கூடு கட்டும் காலம்; ஆகஸ்டில் கூடுகள் குறைந்திருக்கும். இருந்தாலும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் போன்றவற்றைக் காணலாம். கருங்கழுத்து நாரை இலங்கையில் மிக அரிது. அது தென்படக்கூடிய சில இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும். சிறுத்தையும் இந்தக் காட்டில் உண்டு.

உல்லையிலிருந்து ஜீப்பை முதல் நாளே பேசிவிட்டு, இருட்டோடு கிளம்பி, உகந்தையில் உள்ள வாயில் திறக்கும் நேரத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் தனி. ஜீப் வாடகையில் அது அடங்குமா என்று முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரும் காலை உணவும் கையில் இருக்க வேண்டும். பாணமையைத் தாண்டினால் கடை கிடைக்காது.

காட்டுக்குப் போகாத நாளில் பொத்துவில் களப்பில் தோணிப் பயணம் போகலாம். இயந்திரம் பூட்டாத தோணியில் ஊர் மீனவர்களே அழைத்துப் போகிறார்கள். கண்டல் (அலையாத்தி) மரங்களின் வேர்களுக்கு நடுவே தோணி நுழையும்போது, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். சேற்றில் சிவப்பு நண்டுகள் ஆள் நிழல் பட்டவுடன் வளைக்குள் மறையும். பயணம் முடிந்து மணல்மேடுகளில் ஏறி நின்றால் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலும் தெரியும். இது முதியவர்களுக்கும் சிரமமில்லாதது. காலை வெயில் ஏறும் முன்போ மாலையிலோ போக வேண்டும்.

திருச்சி வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கணவர் இப்போதே கூமுனையின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரே நாளில் அதிகாலை கூமுனை, பிற்பகல் லகுகல யானைகள், இடையில் அங்கே உள்ள பழைய விகாரை என்று முடித்துவிட்டால், மற்ற நாட்களைக் கடற்கரைக்கு ஒதுக்கலாமா என்று கேட்கிறார். அத்தை தரிசிக்க விரும்பும் முருகன் கோயிலும் உகந்தை என்ற இடத்தில்தான் இருக்கிறது என்று புரிகிறது. அவரால் அங்கே ஏற முடியுமா?

பொத்துவில்வாசி

ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. கூமுனை தெற்கே, லகுகல மேற்கே. இரண்டுக்கும் இடையில் நீங்கள் ஊருக்குள் திரும்பி வந்தே போக வேண்டும். காலையில் காட்டுப் பாதையில் குலுங்கி வந்த பெரியவரை வெயிலில் மறுபடியும் வண்டியில் ஏற்றுவது நியாயமில்லை.

லகுகலவுக்குத் தனியாக ஒரு மாலை போதும். பொத்துவிலிலிருந்து மொனராகலை செல்லும் ஏ4 நெடுஞ்சாலையிலேயே அந்தக் குளம் இருக்கிறது. வறண்ட மாதங்களில் நீரையும் குளத்தில் வளரும் நீண்ட புல்லையும் தேடி யானைகள் கூட்டமாக வரும். வண்டியை விட்டு இறங்கி அருகில் போகக் கூடாது. உணவு எறிவதும் கூடாது. போகும் வழியில் மகுல் மகா விகாரையின் இடிபாடுகளைப் பாருங்கள். காவன்தீச மன்னனுக்கும் விகாரமகாதேவிக்கும் திருமணம் நடந்த இடம் என்று மரபுவழிக் கதை சொல்கிறது. அங்கே படிக்கட்டின் அடியில் பதித்துள்ள சந்திரவட்டக் கல் என்ற அரைவட்டச் சிற்பக் கல்லைக் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும்: வரிசையாகச் செல்லும் யானைகளின் மேல் பாகர்கள் அமர்ந்திருக்கிறார்கள். மற்ற இடங்களின் சந்திரவட்டக் கற்களில் யானைகளின் மேல் பாகர்கள் இருப்பதில்லை. இருட்டும் முன் அந்தச் சாலையிலிருந்து திரும்பிவிடுங்கள், யானைகள் சாலையைக் கடக்கும்.

எலிஃபன்ட் ரொக் எனப்படும் பாறையில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்க்கப் பலர் போகிறார்கள். காட்சி அருமையானதுதான். ஆனால் அதன் அருகிலுள்ள களப்பில் முதலைகள் உண்டு. 2017ல் அங்கே ஒரு வெளிநாட்டுப் பயணி முதலைக்கு இரையானார். கை கழுவுவதற்காகக்கூட அந்த நீரின் ஓரத்துக்குப் போகாதீர்கள். அத்தையோடு மாலையைக் கழிக்க அறுகம் பாலமே போதும். 2004 ஆழிப்பேரலையில் பழைய பாலம் சேதமடைந்ததால் புதிதாகக் கட்டப்பட்டு 2008ல் திறக்கப்பட்டது. அங்கே நின்றால் களப்பின் மேல் சூரியன் இறங்குவதும், வீச்சு வலை எறிபவர்களும் தெரியும். இந்த ஊரில் கடலில் உதயம், களப்பில் அஸ்தமனம்.

கதிர்காம அடியார்

அம்மா, உகந்தை குறித்து நான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் எல்லாரும் தங்கி இளைப்பாறும் தலம் அது. காட்டுப் பாதை திறக்கும் நாளை அரசு அறிவிக்கும். அதுவரை உகந்தையில் காத்திருந்து, கூமுனை, யால காடுகளினூடாக நடந்து கதிர்காமம் சேர்வோம். முருகப்பெருமான் கல்லோடத்தில் வந்து இங்கே கரையிறங்கினார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆடிமாத உற்சவம் கதிர்காம உற்சவத்தோடு இணைந்து நடக்கும். நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நீங்கள் வரும் நாளில் கூட்டம் இருக்குமா என்பதை விடுதியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

முருகன் சந்நிதி சமதளத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. உங்கள் அத்தைக்கு அங்கே எந்தச் சிரமமும் இராது. வள்ளியம்மன் கோயில் மட்டும் பாறைக் குன்றின் மேல் உள்ளது. அங்கே பாறைக் குழிகளில் நீர் தேங்கிய சுனைகளும் உண்டு. ஏற முடியாவிட்டால் கீழிருந்தே கைகூப்பலாம். கோயில் பூங்கா வாயிலுக்கு முன்பாகவே இருப்பதால் தரிசனத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆகவே ஐயாவும் மகளும் ஜீப்பில் கூமுனைக்குள் போகும்போது நீங்களும் அத்தையும் கோயிலிலேயே இருக்கலாம். அப்படிச் செய்தால் குலுங்கும் காட்டுப் பயணமும் அவருக்கு மிச்சம். திரும்பும் வழியில் பாணமையில் நிறுத்துங்கள். தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் அந்த ஊரில் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக இரு சாராரும் வழிபடுகிறார்கள்.

உகந்தைக் கடற்கரையிலும் நல்ல அலை உண்டு, பலகையோடு வருபவர்களும் உண்டு. உங்கள் மகள் அங்கே நீரில் இறங்கினால் கரையேறியதும் மேலே ஒரு துணி போர்த்திக்கொண்டு கோயில் பக்கம் வரச் சொல்லுங்கள். விரதமிருந்து நடந்து வருபவர்கள் அங்கே சமைத்து உண்கிறார்கள். அசைவ உணவைப் பொட்டலமாகக்கூட அந்த வளாகத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

மட்டக்களப்பு ஆசிரியர்

பயண வழி பற்றி ஒரு சொல். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் மட்டக்களப்பு வந்து, அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாக வாகனத்தில் தெற்கே வருவதைப் பரிந்துரைக்கிறேன். வழியில் தம்பிலுவில் கண்ணகி அம்மனையும் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமியையும் உங்கள் அத்தை தரிசிக்கலாம். கோமாரிக்குச் சற்று முன்னே சங்கமன்கண்டி வரும். இலங்கையின் கிழக்கு எல்லை முனை அந்தக் கரையில்தான் இருக்கிறது. அக்கரைப்பற்றுப் பக்கம் சாலையோரத்தில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிரைக் கித்துள் பாணியோடு (கித்துள் பனையின் பாகோடு) வாங்குங்கள். பிறகு நண்பர் சொன்ன மலைநாட்டுக்குப் போக விரும்பினால், பொத்துவிலிலிருந்து மொனராகலை, வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறிவிடலாம். அது லகுகல காட்டைக் கடக்கும் சாலை என்பதால் பகலிலேயே கிளம்புங்கள்.