நிறம் பொருத்தும் கருவியைச் சித்திர மாணவரின் கையில் கொடுக்கலாமா?

கொட்டகலை சித்திர ஆசிரியர்:
நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்குச் சித்திரம் கற்பிப்பவன். பழைய மாணவர் ஒருவர் எங்கள் வகுப்புக்குத் தீப்பெட்டி அளவிலான நிறம் அளக்கும் கருவி ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். அதை ஒரு பொருளின் மேல் அழுத்தினால், வெளி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு தன் சொந்த வெள்ளை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்து, கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. நம்மிடமுள்ள சாயங்களில் எதை எத்தனை பங்கு கலந்தால் அந்த நிறம் வரும் என்பதைத் தொலைபேசியிலுள்ள செயலி சொல்லிவிடுகிறது.

மூன்று வாரம் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன். ஒரு மாணவி கொழுந்து ஒன்றைப் பறித்து வந்து, கருவியை அதன் மேல் அழுத்தி, செயலி சொன்னபடியே கலந்தாள். கலவையை இலையின் பக்கத்தில் வைத்தபோது வேறுபாடே தெரியவில்லை. அதே பச்சையைக் கொண்டு எதிர் மலையின் தேயிலை முழுவதையும் தீட்டி முடித்தாள். வெயில் விழும் பக்கத்தில் மஞ்சளேறியும், பள்ளத்தில் கருநீலம் கலந்தும், பனிமூட்டத்துக்குப் பின்னால் சாம்பல் நீலமாக வெளிறியும் நிற்கும் மலை, அவள் தாளில் ஒரே பச்சைப் பாயாகிவிட்டது. சுட்டிக்காட்டியபோது, "சேர், மெசின் சரியென்றுதானே காட்டுகிறது" என்றாள். இலையைத் தொடலாம், எதிர் மலையின் மேல் கருவியை அழுத்த முடியாது. தாமாகக் கலக்கப் பழகும் வரை மாணவர்களுக்கு இக்கருவி வேண்டாம் என்பது என் நிலைப்பாடு.

தலவாக்கலை வடிவமைப்பாளர்:
ஐயா, மாணவி செய்த பிழை நீங்கள் சொன்னதுதான். ஆனால் அதைக் கருவியின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இலைப்பச்சை என்று எழுதிய ரியூப்பிலிருந்து நேராகப் பிதுக்கி மலை முழுவதும் பூசும் பிள்ளைகள் கருவி வருவதற்கு முன்பும் இருந்தார்கள். அப்போது ரியூப்பைத் தடை செய்ய யாரும் கேட்கவில்லை.

புதிதாக வந்திருப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வரைகலைச் செயலிகளில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் சாம்பல் நிறமே கிடைக்கும், ஏனெனில் அவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தன. உண்மையான சாயம் அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் ஒவ்வொரு துகளும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, ஒரு பகுதியைச் சிதறடிக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிடும் முறையைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931இலேயே வகுத்துவிட்டார்கள். பெயிண்ட் ஆலைகளில் நெடுங்காலம் பயன்பட்ட அந்தக் கணக்கு, அண்மைக் காலத்தில்தான் ஓவியர் கையிலுள்ள செயலிகளுக்கு வந்திருக்கிறது. இப்போது திரையில் நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை பிறக்கிறது.

செலவு இன்னொரு விடயம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாயங்களின் விலை ஏறியதை ஆசிரியரான நீங்கள் அறிவீர்கள். தோட்டத்துப் பிள்ளை ஒரு பச்சையைத் தேடித் தேடிக் கலந்து, கடைசியில் தட்டு நிறையச் சேற்று நிறத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது, வீணானது அவள் அம்மாவின் நாட்சம்பளம்.

பண்டாரவளை பெயிண்ட் வேலைக்காரர்:
நான் பள்ளிக்கூடத்துச் சித்திரம் அறியாதவன். கோவில்களுக்கும் கடைகளுக்கும் வர்ணம் பூசுகிறேன். சென்ற வருடம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் சுவரில் உதிர்ந்த இடத்தை மட்டும் பூசச் சொன்னார்கள். உதிர்ந்த சில்லை ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கே கணினி பார்த்துக் கலந்து தந்தார்கள். கடையின் டியூப் லைட்டில் சில்லும் பெயிண்டும் ஒன்றாகவே தெரிந்தன. காலை வெயிலில் பூசிக் காய்ந்ததும், பூசிய இடம் மட்டும் ஊதா அடித்துத் தனியே நின்றது. திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் முழுச் சுவரையும் என் கைக்காசில் மறுபடி பூசினேன். மெசின் சொன்னதை நம்பிக் கண்ணால் சோதிக்காமல் விட்டது என் தவறு. ஆனால் மெசின் ஏன் தவறியது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தலவாக்கலை வடிவமைப்பாளர்:
அண்ணன், இரண்டு பெயிண்டுகள் வெவ்வேறு சாயங்களால் ஆனவையாக இருந்தும், ஒரு வெளிச்சத்தில் மட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். வெளிச்சம் மாறினால் அந்த ஒற்றுமை குலைந்துவிடும். பழைய சுவரில் இருந்த சாயம் வேறு, கடைக்காரர் சேர்த்த சாயம் வேறு என்பதே காரணமாக இருக்க வேண்டும். மலிவான கருவி சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களை மட்டும் பார்க்கிறது. ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும் தரமான நிறமாலைமானி 400 முதல் 700 நனோமீற்றர் வரை பத்துப் பத்தாக 31 இடங்களில் அளப்பதால், இந்த வேறுபாட்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை கலந்த பெயிண்டை ஒரு அட்டையில் தடவிக் காயவிட்டு, சில்லோடு சேர்த்துக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கொட்டகலை சித்திர ஆசிரியர்:
காயவிட்டு என்ற சொல்லை அடிக்கோடிட விரும்புகிறேன். அக்ரிலிக் காய்ந்தால் சற்றுக் கருக்கும். போஸ்டர் கலரில் கருமையான கலவைகள் பெரும்பாலும் வெளிறிவிடும். இதை அனுபவத்தால் அறிந்த கைக்குச் செயலியின் பங்கு எண்கள் தேவைப்படுவதில்லை. அனுபவமில்லாத கைக்கு அந்த எண்கள் போதுமானவையாகவும் இல்லை.

ஹப்புத்தளை வாசகர்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் பார்வை குறைவு. பரம்பரையாக வரும் இந்தக் குறைபாடு பெண்களைவிட ஆண்களிடமே அதிகம். வகுப்பில் இப்படி ஒரு பையனாவது இருப்பான் என்று எண்ணிக்கொண்டு கற்பிப்பது நல்லது.

ஆறாம் வகுப்பில் சவுக்கு மரம் ஒன்றின் இலைகள் அனைத்தையும் மண்ணிறத்தில் தீட்டியதற்காக, வகுப்பின் முன்னால் என் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். இரண்டு ரியூப்பும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. அதன் பிறகு முப்பத்தைந்து வயது வரை நான் வர்ணத்தைத் தொடவில்லை. இப்போது கருவியை அழுத்தினால், தொலைபேசி நிறத்தின் பெயரைத் தமிழில் வாசிக்கிறது. கொழுந்து பறிக்கும் என் அக்கா தலையில் கட்டும் துணி சிவப்பு என்பதை அறிந்தே தீட்டுகிறேன். ஐயா, தாமாகக் கலக்கப் பழகும் வரை வேண்டாம் என்று எழுதினீர்கள். எத்தனை வருடம் பழகினாலும் என் கண் அந்த இரண்டையும் பிரித்துத் தரப்போவதில்லை.

கொட்டகலை சித்திர ஆசிரியர்:
தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மண்ணிற மரங்களைத் தீட்டிய பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். கவனக்குறைவு என்று நான் கண்டித்திருக்கிறேன். மாணவர்களுக்கு வேண்டாம் என்று பொதுவாக எழுதிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் மலையின் விடயத்தில் என் கருத்து மாறவில்லை. தலவாக்கலைத் தம்பியின் 31 எண்களும் கருவியை அழுத்திய ஒரு சிறு வட்டத்தின் நிறத்தையே சொல்லும். அந்த வட்டம் பக்கத்திலுள்ள நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதைச் சொல்லாது. சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல், பச்சை சாயலோடு தெரியும். அதே சாம்பலைப் பச்சைச் செடிக்குள் வைத்தால் சிவப்புச் சாயல் காட்டும். எனவே முதல் தவணையில் பார்வைக் குறைபாடு இல்லாத பிள்ளைகள் தாமே கலந்து, தாளின் ஓரத்தில் தடவிக் காயவிட்ட பிறகே கருவியைத் தொடலாம்.

ஹப்புத்தளை வாசகர்:
குறைபாடு உள்ள பிள்ளை யார் என்பதை முதல் நாளிலேயே எப்படி அறிவீர்கள் ஐயா? எனக்கே பதினேழு வயதில், ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்தது. கருவியை எடுத்து வைப்பதற்கு முன், எல்லா ரியூப்களிலும் நிறத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

கொட்டகலை சித்திர ஆசிரியர்:
திங்கட்கிழமை ஒட்டிவிடுகிறேன்.

தலவாக்கலை வடிவமைப்பாளர்:
முதல் தவணை முழுவதும் காத்திருப்பது நீண்ட காலம் என்பதே இன்னும் என் கருத்து. அந்த மாணவியின் ஒரே பச்சைப் பாயை வீசிவிடாதீர்கள் ஐயா. அதே கருவியால் அவளை மலையின் அச்சிட்ட ஒளிப்படத்தில் பத்து இடங்களை அளக்கச் சொல்லுங்கள்; பனிமூட்டத்துக்குப் பின்னாலுள்ள தேயிலையின் எண்களில் பச்சைச் சாயல் எவ்வளவு குறைந்துபோகிறது என்பதை அவளே காணட்டும்.