தாத்தா கிடைத்துவிட்டார்

பாபு: கிடைத்துவிட்டார். கிரீன் சர்க்கிள் பக்கம். ஒரு பூக்கார அம்மா உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

சுமதி அத்தை: அப்பாடா. முருகா!

குமார் சித்தப்பா: செருப்பு?

பாபு: ஒரு கால்தான்.

ரேவதி: எல்லாரும் கவனியுங்கள். இது மூன்றாவது முறை. ‘ஓடிப்போகிறார்’ என்று சொல்லிவிட்டால் ஒன்றும் புரியாது. எத்தனை மணிக்குக் கிளம்பினார், அதற்கு முன் என்ன நடந்தது, எந்தப் பக்கம் போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறதி நோயில் சிலர் அறைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடப்பார்கள். சிலர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நேராகக் கிளம்பிப் போகிறவர் மனதில் ஓர் இடம் இருக்கலாம். பசியா, வலியா, மலச்சிக்கலா என்றும் பாருங்கள். திடீரென்று அதிகமானால் சிறுநீரில் கிருமி இருக்கலாம், டெஸ்ட் எடுக்க வேண்டும்.

குமார் சித்தப்பா: நர்ஸம்மா, சுருக்கமாக?

சுமதி அத்தை: மூன்று முறையும் விளக்கு வைக்கிற நேரம்தான்.

பாபு: மூன்று முறையும் சத்துவாச்சாரி பக்கம்தான். கேட்டால் ‘சாமி அங்கேதானே இருக்கிறார்’ என்கிறார்.

குமார் சித்தப்பா: எந்தச் சாமி?

சுமதி அத்தை: ஜலகண்டேஸ்வரர்தான்டா. 1981இல் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுபோகும் வரை லிங்கம் சத்துவாச்சாரியில்தானே இருந்தது? அப்பா தினமும் சாயங்காலம் போவார்.

குமார் சித்தப்பா: பழைய வீடும் அங்கேதான். விற்காமல் இருந்திருந்தால்...

சுமதி அத்தை: ஆரம்பிக்காதே. கையெழுத்துப் போட்டதில் நீயும் ஒருத்தன்.

ஆம்பூர் பெரியம்மா: ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்கு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் யார் வாங்குவது?

பாபு: நான். 5 கிலோ போதுமா?

குமார் சித்தப்பா: இனிமேல் வெளியே பூட்டிவிட்டுப் போகலாம்.

ரேவதி: தீப்பிடித்தால்? வேண்டாம் சித்தப்பா. கதவில் ஒரு மணி கட்டுங்கள், சட்டைப் பையில் போன் நம்பர் எழுதி வையுங்கள். அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று மாற்றுகிறோமே, அதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாத்ரூம் எங்கே என்றே தெரியாமல் தேடுகிறார்.

பாபு: நாளை 5 மணிக்கு நானே கோட்டைக்குக் கூட்டிப் போகிறேன். அவர் கிளம்புவதற்குள் நாம் கிளம்பிவிடலாம்.

ரேவதி: நல்லது. அதையும் நோட்டில் எழுது. ஆனால் வீடு?

குமார் சித்தப்பா: எங்கள் வீட்டில் மாடிப்படி இருக்கிறது.

ரேவதி: அத்தை?

பாபு: அத்தை பத்து நிமிடமாக டைப் செய்துகொண்டே இருக்கிறார்.

சுமதி அத்தை: கத்திரிக்காய் 7 கிலோவாக வாங்கு.