4294967297-க்கு 641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. இதே மாதிரி 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார், 1732இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் 641 இதை வகுக்கும் என்று காட்டினார். இதுவரை சரி. ஆனால் இதன் வர்க்கமூலமான சுமார் 65536 வரை 6542 பகா எண்கள் இருக்கின்றனவே, கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஒவ்வொன்றாகவா வகுத்துப் பார்த்தார்?

பதில் 1:
இல்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2^32-க்கு மீதி −1 (அதாவது p-இன் மடங்குக்கு ஒன்று குறைவு), அதை வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. மீதி 1 வருவது முதன்முதலில் 64ஆம் அடுக்கில்தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2^(p−1)-க்கும் மீதி 1, அதனால் p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 641 வரை 193, 257, 449, 577, 641, அவ்வளவுதான், ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. இதற்கு வேண்டிய அந்தத் தேற்றமே ஃபெர்மாவுடையது, 1640இல் அவரே கடிதத்தில் எழுதியது. கருவி கையில் இருந்தும் இந்த எண்ணில் அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லையே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பதில் 2:
வகுக்காமலே காட்டலாம். 641 = 5×128+1, அதே 641 = 625+16. முதலாவதிலிருந்து 5×2^7-க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4×2^28-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்குப் பதில் −2^4 போடுங்கள், −2^32-க்கு மீதி 1 என்று வந்துவிடும். முடிந்தது. இன்னொரு காரணி 6700417, அதுவும் பகா எண்.

பதில் 3:
வகை என்று பார்த்தால் இது இரண்டே பகாக் காரணிகள் கொண்ட எண், குறை எண்ணும்கூட (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னைவிடக் குறைவு). இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுதலாம்: 65536²+1², அப்புறம் 62264²+20449². 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் (எண் n என்றால் 2^(n−1)-ஐ n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) பகா எண் போலவே தேறிவிடும், அதாவது போலிப் பகா எண். இதில் 2 குறைத்தால் வரும் 4294967295, நீங்கள் சொன்ன அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல் பலன்!

கேட்டவர்:
மிக்க நன்றி. பதில் 1-ஐப் படித்துவிட்டு 65536-க்கு மீதி கண்டு, அதை வர்க்கப்படுத்தி, 1 கூட்டி, தாளில் போட்டுப் பார்த்தேன். 193-க்கு மீதி 109, 257-க்கு 2, 449-க்கு 325, 577-க்கு 288. 641-க்கு 0.