அஞ்சுநாட்டுச் சொந்தங்கள்

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். கோயில் திருவிழா மலருக்கு, கேரளா இடுக்கி மலையில இருக்கிற நம்ம அஞ்சுநாட்டு வரலாறு எழுதித் தரணும். முதல் வரி: "மனிதர் காலடியே படாத பள்ளத்தாக்கைக் கழனியாக்கியவர்கள் நம் முன்னோர்." சரியா பெரியப்பா?

சித்ரா அத்தை: அருமைடா கண்ணு 👏👏

பெரியப்பா: முதல் வரியே தப்பு தம்பி.

கார்த்தி: மதுரைப் பக்கம் சண்டை நடந்தப்போ மலையேறி வந்தவங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க?

பெரியப்பா: வந்தாங்கன்னு சொன்னேன். காலடி படாத இடம்னு சொன்னேனா? மறையூர்ல பாறை மேல முனியறை இருக்கே, நாலு பக்கமும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு. மாடு மேய்க்கப் போற நாங்க மழைன்னா அதுக்குள்ளதான் ஒதுங்குவோம். முட்டி போட்டுத்தான் நுழையணும். அது பெருங்கற்காலத்துச் சனங்க செத்தவங்களுக்கு எழுப்பினது. நாம வந்து சில நூறு வருசந்தான்.

மலர்விழி: இங்க இருக்கிற மலைக்குடி முத்துவர்களையும் விட்டுடாத கார்த்தி. அவங்களும் மதுரையில இருந்து மீனாட்சி அம்மனை முதுகுல சுமந்துட்டு வந்ததாத்தான் சொல்லுவாங்க. மலைப்புலையரும் இருக்காங்க. என் வகுப்புல அந்தக் குடிப் பிள்ளைங்க படிக்குது. மலரை அதுங்களும் வாசிக்கும்.

கார்த்தி: இதை யோசிக்கவே இல்ல அக்கா. அப்ப நம்ம ஆளுங்க செஞ்சதுன்னு என்ன எழுத?

பெரியப்பா: எவ்வளவோ இருக்கு. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தல்லூர், கொட்டகுடின்னு அஞ்சு ஊரை நிறுத்தினாங்க. மூணாறுல கொட்டுற மழை இங்க எட்டாது, நாம மழை மறைவுல இருக்கோம். ஓடைத் தண்ணியை வாய்க்கால்ல திருப்பித்தான் வயலாக்கினாங்க. இன்னைக்குக் கரும்பு நிக்கிற எடத்துல பாதி அன்னைக்கு நெல்லு.

சித்ரா அத்தை: அண்ணே, அப்பா சும்மாடு ஞாபகம் இருக்கா? பழைய வேட்டியைச் சுருட்டினது, நடுவுல வேர்வை பட்டுப் பட்டுக் கருத்துப் போயிருக்கும். பூண்டு மூட்டையோட சின்னாறு வழியா உடுமலைக்கு எறங்கி, உப்போட ஏறி வருவாரு. 40 கிலோமீட்டருக்குக் கொறையாது. அம்மா அந்தச் சும்மாட்டைக் கடைசி வரைக்கும் தூக்கிப் போடல.

மலர்விழி: கிழக்க எறங்கினது சந்தை மட்டுமில்ல அம்மா. நம்ம பாம்பாறும் அப்படித்தான் அமராவதி ஆத்துக்குப் போகுது. கேரளாவுல கிழக்க ஓடுறதே கபினி, பவானி, பாம்பாறு மூணுதான்.

கார்த்தி: தாத்தா சும்மாட்டைக் கட்டாயம் எழுதுறேன் அத்தை 🙏 தேயிலை எப்ப வந்துச்சு பெரியப்பா?

பெரியப்பா: 1877-ல மன்றோ துரை பூஞ்சாறு ராஜாகிட்ட கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினாரு. தோட்டமெல்லாம் அதுக்கப்புறம். பெறவு 1955-ல, பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரா இருந்தப்போ, குடும்பத்துக்கு 5 ஏக்கர்னு குடியேத்தினாங்க. மறையூர்லயும் அப்படி மலையாளக் குடும்பங்க வந்துச்சு. அவங்க பட்ட பாட்டையும் ரெண்டு வரி எழுதிடு.

கார்த்தி: மாத்திட்டேன், பாருங்க: "முனியறை எழுப்பியவர்கள் வாழ்ந்த மண்ணில், முத்துவரும் மலைப்புலையரும் காடறிந்த இந்தப் பள்ளத்தாக்கில், நம் முன்னோர் வாய்க்கால் வெட்டினார்கள்."

பெரியப்பா: இது நிக்கும்.

மலர்விழி: ஒரு பிரதியை முத்துவன்குடிக்குக் கொடுக்கணும் மாமா. திருவிழாவுக்கும் முறையாக் கூப்பிடணும்.

பெரியப்பா: தபால்ல அனுப்ப வேணாம்மா. அச்சாகி வரட்டும், நானே போய் ஊர்ப் பெரியவர் கையில கொடுக்கிறேன். கார்த்தி, அன்னைக்கு ஜீப்புக்குச் சொல்லி வை.